சபை ஹால் கட்ட பைசா வேணும்: வீட்டுக்கு வீடு வரி போடலாமா, அறுப்பு ஏலத்தையே நம்பி இருக்கலாமா?

ரப்பர்தோட்டத்தான்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்க ஊரு குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம், சின்ன சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) சபை. இந்த தடவ கமிட்டியில என்னைய பொருளாளரா போட்டுட்டாவ, வேற ஆளு யாரும் நிக்கல அதான் காரணம். 120 குடும்பம் இருக்கும். பாதிக்கு மேல ரப்பர் வெட்டு, கொத்து வேல, சென்ட்ரிங் வேல. கொஞ்சம் வாத்தியாருமாரு. ஒரு இருவது வீட்டுல ஆளு கல்ஃப்ல.

இப்பம் வருமானம்னு பாத்தா ஞாயித்துக்கிழமை காணிக்கை, மாச சந்தா, பிறந்தநாள் கல்யாணநாளுக்கு போடுற ஸ்தோத்திர காணிக்கை, கோயில் வளப்புல நிக்கிற தென்னைக்க குத்தகை, கிறிஸ்மஸ் கேரல் ரவுண்டுல வாலிபப் பிள்ளைகளுக்கு கிடைக்கறது, அப்புறம் பெரிய தொகைன்னா அறுப்பின் பண்டிகை ஏலம் (ஆளுவ காணிக்கையா கொண்டு வைக்கற வெளச்சல கோயில்ல ஏலம் விடுறது) ஒண்ணு தான். இதுல பேராயத்துக்கு (டயோசிஸுக்கு) கட்ட வேண்டிய பங்கு போயிரும், கோயில் பாக்குற அண்ணனுக்கு சம்பளம், கரண்ட் பில்லு, வயசான விதவைமாருக்கு மாசாமாசம் குடுக்கறது, மைக் செட் ரிப்பேரு இப்பிடி எல்லாம் போக கையில ஒண்ணும் நிக்காது.

பிரச்சன என்னன்னா சன்டே ஸ்கூல் நடக்குற ஓட்டுக் கட்டடம் மழைக்கு ஒழுகுது, ஒரு பக்கத்து செவரு தள்ளி நிக்கி. அத இடிச்சுட்டு ஹாலு கட்டணும். எஸ்டிமேட் 30 லட்சத்துக்கு பக்கம். இளைஞருமாரு சொல்லுதானுவ வீட்டுக்கு 25,000 வரி போட்டுருவோம், பத்து தவணை, கணக்கு நேரா வந்திரும்னு. பெரியவங்க அது முடியாது, சபையில வரி போடுறதுக்கு இது என்ன பஞ்சாயத்தா, ஏலமும் பொருத்தனையும் (நேர்ச்சை காணிக்கையும்) போதும், கர்த்தரு பாத்துக்கிடுவாருன்னு சொல்லுதாவ. ஆனா ஏலத்த நான் எப்பிடி நம்பறது, போன வருஷம் ஒரு வருக்க சக்கை (பலாப்பழம்) 8,000 ரூவாக்கி போச்சு, எல்லாரும் கைதட்டினாவ, எடுத்த ஆளு இன்னும் பைசா தரல. நோட்டுல ஏலப் பாக்கி மட்டும் ரெண்டு பக்கம் நிக்கி.

உங்களுக்க சபையில எல்லாம் எப்பிடி செஞ்சீங்க? வரி போட்டு கட்டின ஆளுவ யாராவது இருந்தா சொல்லுங்க. கமிட்டி அடுத்த வாரம் கூடுது.

பழையகணக்கு:

தம்பி, நான் ரிட்டயர்டு வாத்தியாரு, நெய்யூர் பக்கம், எங்க சபைக்க கணக்க ரொம்ப வருஷம் பாத்திருக்கேன். மொதல்ல ஒரு காரியம், இளைஞருமாரு சொல்லுறது வேதத்துக்கு விரோதம்னு யாராவது சொன்னா ஒத்துக்கிடாதீங்க. யாத்திராகமம் 30:15 எடுத்துப் பாருங்க, ஆளுக்கு அரைச் சேக்கல் (அந்தக் காலத்து பைசா), ஐசுவரியவான் கூட குடுக்கவும் வேண்டாம் தரித்திரன் கொறச்சு குடுக்கவும் வேண்டாம்னு தான் இருக்கு. எல்லாருக்கும் ஒரே வரி. ஆனா அந்த தொகை எவ்வளவுங்கறது தான் காரியம். தரித்திரனும் குடுக்க முடியுற அளவுக்கு வச்சதுனால தான் அப்பிடி சொல்ல முடிஞ்சுது. அரைச் சேக்கல் வேற, 25,000 வேற.

உங்க சபையில ரப்பர் வெட்டுற ஆளு பாதிக்கு மேலன்னு சொல்லுதீங்க. அவனுக்க வருமானம் மாசாமாசம் ஒரே மாதிரியா வருது? இடவப்பாதி (ஜூன் மாச) மழை பிடிச்சா வெட்டு கிடையாது, மரத்துல வெட்டுற எடம் நனையாம மழைக்கூரை ஒட்டின தோட்டத்துல மட்டும் தான் ஏதோ கொஞ்சம் நடக்கும். இலை கொழிஞ்சு தளிர் விடுற சமயம் மறுபடியும் மரத்துக்கு ரெஸ்ட். பத்து தவணைன்னு மாசாமாசம் போட்டா ஜூன் ஜூலை தவணைய அவன் எங்க இருந்து கட்டுவான், வட்டிக்கு வாங்கி கட்டுவான், இல்லன்னா கட்டாம இருப்பான். கட்டாத ஆளு மொதல்ல என்ன செய்வான் தெரியுமா, பொருளாளர் முகத்துல முழிக்க வெக்கப்பட்டு கோயிலுக்கு வாறத நிறுத்துவான். அப்புறம் பெந்தெகொஸ்தே சபைக்கு போவான். அங்க போன ஆள திரும்ப கொண்டு வாறதுக்கு நீங்க எத்தன வீடு சந்திப்பு வச்சாலும் நடக்காது. இத நான் கண்ணால பாத்திருக்கேன்.

நம்ம முன்னோர்கள் சும்மா முட்டாத்தனமா ஏலம் வச்சிருக்க மாட்டாவ. பனை ஏறுறவன் கையில அக்கானி (பதநீர்) சீசன்ல கருப்பட்டி இருக்கும், ரூவா இருக்காது. வயக்காரன் கையில அறுப்பு முடிஞ்சா நெல்லு இருக்கும். அவன்கிட்ட ரூவா கேட்டா இல்லம்பான், கருப்பட்டி கேட்டா ரெண்டு சிப்பம் சந்தோசமா கொண்டு வைப்பான். அத ரூவாயா மாத்துறதுக்கு தான் ஏலம். கையில பொருளு இருக்கவனுக்கும் ரூவா இருக்கவனுக்கும் நடுவுல ஒரு சந்தை, அவ்வளவு தான். இன்னைக்கி ஏலத்துல முட்டையும் மட்டி வாழைக் குலையும் வாங்குறது மளிகைக் கடைக்காரனும் கல்ஃப்காரனும் தான, அப்பம் ஏழை பொருளு குடுக்கான், இருக்கவன் ரூவா குடுக்கான், ரெண்டு பேருக்கும் பேரு இருக்கு. வரியில அது கிடையாது.

அதுக்காக ஏலத்த வச்சு 30 லட்சத்துக்கு ஹால் கட்டலாம்னு பெரியவங்க சொல்லுறதும் நடக்காத காரியம். நான் சொல்லுறது மூணு பைய தனித்தனியா வையுங்க. சந்தாவும் ஞாயிறு காணிக்கையும் மாசச் செலவுக்கு, பேராயப் பங்கும் சம்பளமும் கரண்டும் அதுல தான் ஓடணும், அது ஓடலன்னா ஹால பத்தி பேசவே வேண்டாம். அறுப்பு ஏலம் தர்ம காரியத்துக்கும் சுவிசேஷத்துக்கும். கட்டடத்துக்கு தனியா வாக்குக் காணிக்கை. ஒவ்வொரு வீடும் எவ்வளவு, எப்பம், எப்பிடின்னு அவங்களே எழுதிக் குடுக்கட்டு. வெட்டு நடக்குற மாசத்துல ஒருத்தன் தரட்டு, ஓணத்துக்கு நேந்திரன் குலைய வித்துட்டு ஒருத்தன் தரட்டு, கொத்து வேலக்காரன் பத்து நாளு வேலையா தரட்டு. அவனுக்க கூலி கணக்குல வரவு வைக்கணும் கேட்டியளா, வேலையும் காணிக்கை தான், ரசீது போட்டு குடுங்க. 30 லட்சத்துல கூலி மட்டும் எவ்வளவு வரும்னு மேஸ்திரிகிட்ட கேட்டுப் பாருங்க.

திங்கச்சந்தை:

எங்க சபையில 15,000 வரி போட்டாவ. கட்டினவனுக்க பேர கல்லுல வெட்டி செவருல பதிச்சாவ. கட்டாதவனுக்க பேரு கல்லுல இல்ல, ஆனா ஊருல எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு தான் சொல்லுவேன்.

அலைவாய்க்கரை:

நான் கடற்கரை, கொளச்சலுக்கு அங்கிட்டு, லத்தீன் கத்தோலிக்கம். எங்களுக்கு கதையே வேற, ஆனா உங்களுக்கு இது உதவும்னு நெனைக்கேன் அதனால கொஞ்சம் நீளமா எழுதுதேன் பொறுத்துக்கிடுங்க.

எங்க கரையில அந்தக் காலத்துல மீன்பாட்டுல (பிடிச்ச மீனுல) ஒரு பங்கு கோயிலுக்கு. மீன் கரைக்கு வந்து ஏலம் போகும்பம் அந்த பங்க எடுக்குறதுக்கு ஒரு ஆளு நிப்பான், அந்த உரிமைய கோயில்ல இருந்து குத்தகைக்கு விட்டிருப்பாவ. குத்தகை எடுத்தவன் கோயிலுக்கு மொத்தமா ஒரு தொகை கட்டிருவான், அதுக்கு மேல வாறது அவனுக்கு. அப்பம் அவன் எப்பிடி பிரிப்பான்னு நீங்களே யோசிச்சுக்கிடுங்க. எங்க பாட்டா சொல்லுவாரு, வலையில சாளை வந்தாலும் சரி சவறு வந்தாலும் சரி குத்தகைக்காரன் கூடைய நீட்டிட்டு நிப்பான்னு. கோயிலுக்கு குடுக்குறோம்ங்கற நெனப்பே போயி வரி கட்டுறோம்ங்கற நெனப்பு வந்துட்டு. இந்த குத்தகைக்காக எங்க கரையோரத்துல எத்தன ஊருல சண்டை நடந்திருக்குன்னு பழைய ஆளுவள கேட்டா தெரியும்.

இப்பம் எங்க பங்குல (ஒரு கோயிலுக்கு உட்பட்ட குடும்பங்கள பங்குன்னு சொல்லுவோம்) அன்பியம் அன்பியமா பிரிச்சிருக்கு. ஒரு அன்பியத்துல முப்பது வீடு நாப்பது வீடு. திருவிழா வரின்னாலும் கட்டட நிதின்னாலும் அன்பியத்துல உக்காந்து தான் பேசுவோம், யாருக்கு இந்த வருஷம் வள்ளம் கேடாயிட்டு, யாருக்கு ஆப்பரேஷன், யாருக்க வீட்டுல கல்யாணம்னு அந்த முப்பது வீட்டுக்கும் தெரியும்லா. அந்த வீட்ட சத்தமில்லாம விட்டுருவோம், மத்த வீடுவ கொஞ்சம் கூட போட்டு நெரப்பும். பங்குப் பேரவைக்கு போறது அன்பியத்துக்க மொத்த தொகை மட்டும் தான், எந்த வீடு எவ்வளவுங்கற லிஸ்டு போகாது. இது ரொம்ப முக்கியம் அண்ணே. 120 குடும்பத்துக்க பேரையும் நோட்டீஸ் போர்டுல ஒட்டுறதும் இதுவும் ஒண்ணு இல்ல.

இன்னொண்ணு, விசைப்படகுக்கு எங்க மேற்குக் கரையில ஜூன் 1 தொட்டு ஜூலை 31 வரைக்கும் தடைக்காலம். அந்த சமயம் எந்த வசூலும் வைக்க மாட்டோம், வச்சாலும் வராது. திருவிழா கொடி ஏறுறதுக்கு முன்ன வள்ளங்காரங்க ஒரு நாள் மீன்பாட கோயிலுக்குன்னு விடுவாங்க. அன்னைக்கி பாடு கூட கிடைச்சா கோயிலுக்கு கூட, கொறஞ்சா கொறவு. யாரும் கேள்வி கேக்க மாட்டாவ. 2017ல ஒக்கி புயல் வந்துச்சுல்லா, அந்த வருஷம் வெடியும் மேளமும் வேண்டாம்னு சொல்லி அதுக்கு பிரிச்ச பைசாவ ஆளு போன வீடுவளுக்கு குடுத்தோம். ஒரு ஆளு கூட ஏன்னு கேக்கல. குடுத்த பைசாவுக்க போக்கு கண்ணுக்கு தெரிஞ்சா ஆளுவ குடுக்கும், அது உங்க சபையா இருந்தா என்ன எங்க கோயிலா இருந்தா என்ன.

தம்மாம்குமரி:

நான் சவுதியில இருக்கேன், ஊரு அருமனை பக்கம். கல்ஃப்காரன் கல்ஃப்காரன்னு எல்லாரும் எழுதுதீங்க, எங்க நெலமையும் ஒரு நாலு வரி கேளுங்க. லீவுக்கு வந்து எறங்குன மறுநாளே கமிட்டி வீட்டுல வந்து உக்காரும். ஏலத்துல நான் உக்காந்திருந்தா ஒரு தேங்காயில தொடங்கி அடுத்தவன் வேணும்னே ஏத்தி விடுவான், நான் விட்டுட்டா கஞ்சன்னு பேரு. ஒரு சேவல எடுத்து அதையே திருப்பி கோயிலுக்கு குடுத்து அத மறு ஏலம் விட்டு அதுவும் எனக்க தலையில. சிரிச்சுட்டு தான் குடுக்கோம், இல்லன்னு சொல்லல, ஆனா விசா முடிஞ்சு ஊருக்கு வந்து சும்மா நிக்கிறவன்கிட்டயும் அதே மாதிரி எதிர்பார்க்கறது தான் கஷ்டமா இருக்கு. ரப்பர்தோட்டத்தான் தம்பி, அந்த 8,000 ரூவா சக்கைய எடுத்த ஆளு யாருன்னு எனக்கு தெரியாது, ஒருவேள அவனுக்கும் கையில பைசா இல்லாம வீம்புக்கு ஏலம் விளிச்சிருக்கலாம்.

எனக்கு ஒரு சந்தேகம். நாங்க இங்க இருந்து சபை அக்கவுண்டுக்கு நேரா அனுப்பினா வெளிநாட்டு பைசான்னு சொல்லி பிரச்சன வருமா? எங்க செக்ரட்டரி பயந்துகிட்டு அவருக்க சொந்த அக்கவுண்டுக்கு போட சொல்லுதாரு. எனக்கு அது சரியா படல.

டேலிஅக்கா:

தம்மாம்குமரி அண்ணே, தயவுசெஞ்சு செக்ரட்டரிக்க சொந்த அக்கவுண்டுக்கு போடாதீங்க. நான் மார்த்தாண்டத்துல ஆடிட்டர் ஆபீஸ்ல வேல பாக்கேன், இந்த கேள்வி ஆடிட் சமயம் எல்லா சபையில இருந்தும் வரும்.

உங்ககிட்ட இருக்கறது இந்திய பாஸ்போர்ட். இந்தியக் குடிமகன் வெளிநாட்டுல சம்பாதிச்ச சொந்த பைசாவ பேங்க் வழியா அனுப்பினா அது எஃப்சிஆர்ஏ சட்டத்துல (வெளிநாட்டு நன்கொடைய ஒழுங்குபடுத்துற சட்டம்) வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கல்ஃப்ல இருக்க நம்ம ஆளுவ எல்லாரும் ஏறக்குறைய இந்த வகை தான். பாஸ்போர்ட் காப்பி ஒண்ண சபையில குடுத்து வையுங்க, பின்னால யாராவது கேட்டா காட்டலாம். ஆனா அமெரிக்காவுலயோ லண்டன்லயோ போயி அங்கத்த குடியுரிமை எடுத்த ஆளுவ, ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக்காரங்களுக்கு குடுக்கறது) வச்சிருந்தாலும், அவங்க குடுக்கறது வெளிநாட்டு நன்கொடை தான். அதுக்கு எஃப்சிஆர்ஏ பதிவு வேணும், 2020 திருத்தத்துக்கு அப்புறம் அந்த பைசா டெல்லியில எஸ்பிஐ மெயின் பிராஞ்ச்ல இருக்க அக்கவுண்டுல தான் வந்து விழணும், வாங்குன அமைப்பு அத இன்னொரு அமைப்புக்கு மாத்தி குடுக்கவும் முடியாது. அதனால அப்பிடி யாராவது சபையில இருந்தா மொதல்ல பேராய ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்குங்க. பைசா வந்த பொறவு கேக்காதீங்க.

அப்புறம் ரப்பர்தோட்டத்தான், உங்களுக்கு சில காரியம். ஒருத்தர்கிட்ட இருந்து 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்காதீங்க, அது வருமான வரி சட்டத்துல தப்பு, எவ்வளவு வாங்குனீங்களோ அவ்வளவே அபராதமா வரலாம். செக்கோ டிரான்ஸ்ஃபரோ வாங்குங்க. நன்கொடை குடுக்க வாத்தியாருமாரு கண்டிப்பா 80ஜி ரசீது (வருமான வரியில சலுகை வாங்க உள்ளது) கேப்பாங்க. ஒரு குறிப்பிட்ட மதத்துக்காரங்களுக்காக நடக்குற காரியத்துக்கு பொதுவா 80ஜி சலுகை கிடைக்காது, அதனால வரி மிச்சம் ஆகும்னு வாக்கு குடுத்து பைசா வாங்காதீங்க. ஆஸ்பத்திரி, ஸ்கூல், தர்ம காரியம் பாக்குற டிரஸ்டுக்கு 80ஜி இருக்கும், சபைக்கும் இருக்கும்னு நெனச்சுக்கிடுறது தான் எல்லாரும் செய்யுற தப்பு.

ஜிபே கியூஆர் கோடு ஒட்டுங்க ஆனா அது சபை அக்கவுண்டுக்கு உள்ளதா இருக்கணும். ஞாயித்துக்கிழமை காணிக்கைய ஒரு ஆளா எண்ணாதீங்க, எவ்வளவு நல்ல ஆளா இருந்தாலும் சரி. ஆராதனை முடிஞ்ச உடனே ரெண்டு மூணு பேரு சேந்து எண்ணி ரெஜிஸ்டர்ல கையெழுத்து போட்டு திங்கக்கிழமை பேங்க்ல கட்டிரணும். அந்த பைசாவுல இருந்தே டீக்கடை பில்லையும் ஆட்டோவையும் கழிச்சுட்டு மிச்சத்த கட்டுற பழக்கம் நெறைய எடத்துல இருக்கு, அத மொதல்ல நிறுத்துங்க, வரவு முழுசா பேங்குக்கு போகட்டு, செலவுக்கு தனியா வவுச்சர் போட்டு எடுங்க. கட்டட நிதிக்கு தனி அக்கவுண்ட். கட்டட பைசாவ எடுத்து பண்டிகை செலவு செஞ்சுட்டு அப்புறம் போட்டுக்கிடலாம்னு ஒரு தடவ செஞ்சா போதும், பொறவு அந்த கணக்க யாராலயும் நேராக்க முடியாது. எங்க பக்கத்துல ஒரு சபையில இதுக்காகவே ரெண்டு கோஷ்டி ஆகி கேசு வரைக்கும் போயிருக்கு, பேரு வேண்டாம்.

முக்கியமானத கடைசியில சொல்லுதேன். நிலம் யாரு பேர்ல இருக்கு? சிஎஸ்ஐ சபை சொத்து சாதாரணமா சிஎஸ்ஐ டிரஸ்ட் அசோசியேஷன் பேர்ல தான் இருக்கும். அப்பம் பேராயத்துக்க அனுமதியும் பிளான் அப்ரூவலும் இல்லாம ஒரு செங்கலு வைக்க முடியாது. ஆராதனை கட்டடம்னா கலெக்டர் அனுமதி வரைக்கும் போகணும், நம்ம மாவட்டத்துல அது எவ்வளவு இழுக்கும்னு உங்களுக்கே தெரியும். உங்களுக்கு சன்டே ஸ்கூல் ஹாலுன்னா விண்ணப்பத்துலயும் அதையே எழுதுங்க, அப்புறமும் அதாவே இருக்கட்டு. பேப்பர் கையில வாறதுக்கு முன்ன பைசா பிரிக்காதீங்க. பிரிச்ச பைசா வருஷக்கணக்கா சும்மா கெடந்தா ஆளுவளுக்கு சந்தேகம் தான் வரும்.

பழையகணக்கு:

டேலிஅக்கா சொன்னதுக்கு ஒரு வரி கூட்டிக்கிடுதேன். ரெண்டு பேரு சேந்து எண்ணணும்ங்கறது ஆடிட்டர் சட்டம் மட்டும் இல்ல, 2 இராஜாக்கள் 12ல யோவாஸ் ராஜா காலத்துலயே இருக்கு. பெட்டிக்க மூடியில தொளை போட்டு வச்சு, நெறஞ்ச உடனே ராஜாவுக்க சம்பிரதியும் (எழுத்து வேல பாக்குறவன்) பிரதான ஆசாரியனும் சேந்து எண்ணி பையில கட்டினாங்க. அதுக்கு முன்ன ஆசாரியருமாரு கையில பைசாவ குடுத்து ஆலயத்த பழுது பாக்க சொன்னப்ப, யோவாஸ் ராஜாவான இருவத்தி மூணாவது வருஷம் வரைக்கும் ஒண்ணும் நடக்கல. எங்க சபையில நான் இத சொல்லி தான் எண்ணுறதுக்கு ரெண்டாவது ஆள வச்சேன், எனக்கு நம்பிக்கை இல்லன்னு யாரும் கோவப்பட முடியல பாத்தீங்களா.

கைப்பிடியரிசி:

எல்லா ஆம்பளைங்களும் கல்லு, கம்பி, கணக்குன்னு எழுதிட்டீங்க, டேலிஅக்கா மட்டும் தான் பெண்ணு. நான் பெண்கள் சங்கத்துல இருக்கேன், மயிலாடி பக்கம். எங்க ஊருக்கு மிஷனெரி ரிங்கல்தொபே ஐயரு 1806ல வந்தாரு, அந்த காலத்துல இருந்தே நம்ம சபைவளுக்க கதை பைசா கதையும் தான். நாகர்கோவில்ல செமினரி நடத்த 1818 வாக்குல திருவிதாங்கூர் ராணி குடுத்த ரூவாயில வயலு வாங்கி அதுக்க வருமானத்துல நடத்தினாவ. பெண் பிள்ளைகளுக்கு ஸ்கூல் நடத்த மிஷனெரி மால்ட் அம்மா லேஸ் பின்ன சொல்லிக் குடுத்து அத வித்தாங்க. ஒரு தடவ பிரிச்சு செலவழிக்கறது வேற, வருமானம் வாற மாதிரி ஒண்ண செஞ்சு வைக்கறது வேற. உங்க ஹாலையும் அப்பிடி யோசிங்க தம்பி. சன்டே ஸ்கூல் ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கூறு தான நடக்கும். மிச்ச நாளு டியூஷன், நிச்சயதார்த்தம், தையல் கிளாஸுக்கு வாடகைக்கு விட்டா கரண்ட் பில்லு அதுல போகும். அதுக்கு அடுக்களையும் ரெண்டு கக்கூஸும் பிளான்லயே போடணும், ஆம்பளைங்க அத கடைசியா தான் நெனைப்பாங்க.

எங்க வீட்டுல அம்மைமாரு ஒவ்வொரு நேரமும் சோத்துக்கு அரிசி எடுக்கும்பம் ஒரு பிடி அரிசிய தனி பானையில போடுவாங்க, மாசத்துல ஒரு நாளு கோயிலுக்கு கொண்டு போறது. மிசோரம் சபைவள்ல பெண்கள் இத வச்சே பெரிய மிஷனெரி வேலையே நடத்துதாங்க. இப்பம் ரேஷன் அரிசியும் கடை அரிசியும் ஆன பொறவு எங்க பக்கம் நெறைய வீட்டுல நின்னு போச்சு. நாங்க அதுக்கு பதிலா என்ன செஞ்சோம்னா மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் கறியும் பொட்டலம் போட்டு விப்போம். மரச்சீனி யாருக்க தோட்டத்துல இருந்தாவது சும்மா வரும், மீனு குளச்சல்ல போயி வாங்குவோம், வெறகு கோயில் தென்னை மட்டை. மத்தியானம் சமைக்க வேண்டாம்னு எல்லா பொம்பளைங்களும் வாங்குவாங்க. நாங்க இத வச்சு பாத்திரமும் நாற்காலியும் வாங்குனோம், இப்பம் அத வாடகைக்கு விடுதோம். பிரியாணி கூப்பன்னு அடிச்சு வீடு வீடா தலையில கட்டறதுக்கு இது மேலு, வேணும்னா வாங்கலாம் வேண்டாம்னா போகலாம்.

அப்புறம் ஒண்ணு கேக்கேன், உங்க சபையில சந்தா பாக்கி இருந்தா கல்யாண ஓலை (கல்யாணத்துக்கு முன்ன சபையில வாசிக்கற அறிவிப்பு) வாசிக்க மாட்டோம், அடக்கத்துக்கு வர மாட்டோம்னு சொல்லுற பழக்கம் இருக்கா? சபை தேர்தல்ல ஓட்டு இல்லன்னு சொல்லுங்க, அது விதி, ஒத்துக்கிடலாம். ஆனா சாவு வீட்டு வாசல்ல நின்னுட்டு பாக்கி நோட்ட வெளிய எடுக்கறத நான் பாத்திருக்கேன். ஹால் வரிய போட்டீங்கன்னா அந்த பாக்கியும் ஒரு நாளு அந்த நோட்டுல தான் ஏறும்.

திங்கச்சந்தை:

கைப்பிடியரிசி அக்கா சொன்னதுக்கு ஒரு ஆமென். எங்க சித்தப்பாவுக்க அடக்கத்துல நடந்தது அதே தான்.

ரப்பர்தோட்டத்தான்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேரு எழுதுவீங்கன்னு நெனைக்கல. அந்த பழக்கம் எங்க சபையிலயும் இருக்கு அக்கா, இல்லன்னு சொல்ல மாட்டேன், ஓலைக்கு மட்டும் பாக்கி கேப்பாவ. அத தனியா கமிட்டியில எடுக்கேன்.

நேத்து மேஸ்திரி அண்ணன்கிட்ட பழையகணக்கு சாரு சொன்னத கேட்டேன். கொத்து, சென்ட்ரிங், கம்பி கட்டு எல்லா வேலைக்கும் சபையிலயே ஆளு இருக்கு, அவங்க பாதி நாளு காணிக்கையா செஞ்சாலே ரூவாயா பிரிக்க வேண்டிய தொகை நல்லா கொறையும்னு சொல்லுதாரு. நிலத்துக்க பேப்பர பாத்தோம், டிரஸ்ட் அசோசியேஷன் பேர்ல தான் இருக்கு, அதனால மொதல்ல பேராயத்துக்கு மனு. அலைவாய்க்கரை சொன்ன அன்பியம் மாதிரி எங்களுக்கு ஜெபக்குழு ஏரியா ஏரியாவா நாலு இருக்கு. வாக்குக் காணிக்கைய அந்த நாலு குழுவுலயும் பேசி மொத்த தொகைய மட்டும் கமிட்டிக்கு தரச் சொல்லலாம்னு இருக்கோம். இளைஞருமாரு இதுக்கு இன்னும் ஒத்துக்கிடல, வாக்கு குடுத்தவன் தரலன்னா என்ன செய்வீங்கன்னு கேக்கானுவ. நியாயமான கேள்வி தான்.

ஏலப் பாக்கிக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க. பேர ஆராதனையில வாசிக்கலாம்னு ஒருத்தர் சொல்லுதாரு.

பழையகணக்கு:

வாசிக்கவே வாசிக்காதீங்க. பழைய பாக்கிக்கு நீங்களும் செக்ரட்டரியும் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு போங்க, நோட்ட கொண்டு போக வேண்டாம். தர முடியாதுன்னு சொன்னா பாதிய வாங்கிட்டு மீதிய கமிட்டி தீர்மானம் போட்டு தள்ளுபடி செய்யுங்க, வராத பைசாவ வருஷாவருஷம் கணக்குல தூக்கிட்டு போறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. அந்த சக்கை இப்பம் யாருக்க வயித்துல இருக்குன்னு கூட தெரியாது.

இளைஞருமாருக்கு சொல்லுங்க, வாக்குல நூத்துக்கு எம்பது வந்தா அது நல்ல சபைன்னு வச்சுக்கிட்டு தான் வேலைய தொடங்கணும், கடன் வாங்கி கான்கிரீட் போடக் கூடாது. அஸ்திவாரத்துக்கு உள்ள பைசா வந்தா அஸ்திவாரம், செவருக்கு வந்தா செவரு.

டேலிஅக்கா:

இனி வாற ஏலத்துக்கு ஒரு வழி இருக்கு, எங்க சபையில செய்யுதோம். ஏலம் விடுறவன் பக்கத்துல ஒரு மேசை போட்டு கியூஆர் கோடும் ரசீது புக்கும் வையுங்க. பைசா கட்டினா தான் பொருளு கையில. அன்னைக்கி முடியலன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொருளு கோயில்லயே இருக்கும், அதுக்குள்ள வரலன்னா ரெண்டாவதா விளிச்ச ஆளுக்கு அவன் விளிச்ச தொகைக்கே. மீனு, சக்கைன்னா கெட்டுப் போகும், அதனால அதுக்கு மட்டும் உடனே ரொக்கம்னு ஏலம் தொடங்குறதுக்கு முன்ன மைக்ல சொல்லிருங்க. மொத வருஷம் தொகை கொறயும், சக்கை 8,000க்கு எல்லாம் போகாது. ஆனா நோட்டுல எழுதுன தொகையும் பேங்க்ல இருக்க தொகையும் ஒண்ணா இருக்கும்.

தம்மாம்குமரி:

அத எங்க சபைக்கும் அனுப்புங்க அக்கா, நான் லீவுக்கு வாறதுக்கு முன்ன.